கிலோவுக்கு இருபத்திரண்டு

போன வருடம் இதே பிறைக்கு
கிலோவுக்கு எட்டு நின்றது.
இன்று இருபத்திரண்டு.
மூன்று முறை எண்ணினேன்.
மூன்றாம் முறை தௌக்கே கியாட்
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
உதட்டசைவில் கூடவே எண்ணினார்.

"தராசு சரியில்ல" என்றார்.
முதலில் தராசைத்தான் சந்தேகிப்பார்கள்,
அப்புறம் தராசுக்குப் பின்னால் நிற்பவளை.
வீட்டிலிருந்து சொந்த எடைக்கல்லைக்
சீன நாளிதழில் சுற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
முள் நடுவில் நின்றது.
மன்னிப்பெல்லாம் கிடையாது,
ஒரு கோப்பி பொட்டலம் வாங்கித் தந்தார்.
ஊத்தான் மெலிந்தாங்கில் அதுவும் ஒரு பாஷைதான்.

பதினோரு நாள் மழை
ஆற்று வழியாக இறங்கிக்
கழிமுகம் முழுக்கச் சப்பென்று ஆகிவிட்டதாம்.
உப்புக் குறைந்த தண்ணீரில் சோத்தோங் நிற்காது,
மரியாதை குறைந்த பந்தியில்
இலையை மூடிவிட்டு எழும் சம்பந்தி மாதிரி
சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.
அதைத் தேடிப் படகு
இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது,
டீசலும் ஓடுகிறது.
வெளிச்சம் போட்டால் மொய்க்க வேண்டியது
மொய்க்கவில்லை;
விட்டில்தான் வந்ததாம்,
நடுக்கடலில் விட்டில்.

மழைக்கு முந்தின நாள்
பதினெட்டாம் நம்பர் காட்டில்
என் வீட்டுக்காரர் உரம் போட்டார்.
நூற்றிருபது மூட்டை.
மண் குடித்தது எவ்வளவு,
பாரிட் குடித்தது எவ்வளவு,
மண்டோரிடம் கணக்கில்லை.
"கரையோரம் தண்ணி பச்சையாக் கெடக்கு"
என்று சம்சூரி படகிலிருந்து கத்தியபோது
எனக்கு அவர் சட்டைதான் நினைவுக்கு வந்தது,
எத்தனை அலசினாலும் போகாத அந்த வாடை.

மீன்வள இலாகாவிலிருந்து ஹுஸ்னா வந்தாள்.
என் கூடையிலிருந்தே ஒன்றை எடுத்துத்
தலையைப் பிளந்து, ஊசி முனையால்
இரண்டு கல்லைத் தோண்டினாள்.
கல் என்றால் கல்லா,
கசகசா அதைவிடப் பெரிது.
நாளுக்கொரு வளையம் விழுமாம் அதில்.
செக்ரோல் போலத்தான்,
ஒரு நாள்கூட மட்டம் போட முடியாத செக்ரோல்.

மறுவாரம் போனில் சொன்னாள்:
"நூற்று முப்பத்தெட்டு நாள், அக்கா.
குட்டி இல்ல. வயசுக்கு வந்தாச்சு, வயித்துல முட்டை இருந்துச்சு."
தண்ணீர் சூடேறினால் அவசரமாக வளருமாம்,
அவசரமாக முட்டையிடுமாம்,
உடம்பு நீள்வதற்குள் ஆயுசு முடிந்துவிடுமாம்.

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம்
ஈரக் கையோடு நின்றேன்.
பஸ்ஸில் என்னைப் பார்த்துப்
பள்ளிக்கூடமா என்று கேட்ட கண்டக்டருக்கு
அன்று வயது சொன்னேன், முப்பத்தொன்பது.
நம்பவில்லை.
என் தலையைப் பிளந்து பார்க்க
இலாகா எதுவும் இல்லை.

செம்பனை அப்படியில்லை.
இன்றைய வறட்சிக்கு இரண்டு வருடம் கழித்துத்தான்
குலை குறைப்பான்,
அதற்குள் மேனேஜர் மாறியிருப்பார்.
சோத்தோங் கடன் வைப்பதில்லை.
இந்தச் சூட்டுக்கு இந்தப் பருவத்திலேயே
பதில் எழுதிவிடுகிறது,
தராசில், என் கையெழுத்தில்.

நாசி லெமாக் கடை பவுனம்மா
விலை கேட்டுவிட்டு
கூடையை ஒருமுறை கிளறிப் பார்த்தாள்.
"இத வெட்டவே வேணாம்போல,
அப்படியே சம்பால்ல போடலாம்" என்று சிரித்தாள்,
அரைக் கிலோ வாங்கினாள்,
முன்பு மூன்று வாங்குவாள்.

ஹுஸ்னா தந்துவிட்டுப் போன ஒரு கல்லை
ஒட்டுநாடாவில் ஒட்டிக்
கணக்குப் புத்தகத்தில் வைத்திருந்தேன்.
நேற்று கியாட்டிடம் காட்டலாம் என்று திறந்தேன்.
நாடா இருந்தது.
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தோம்,
அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கூடப் பார்த்தார்.

ஐஸ் உருகிக் கால்விரலுக்கு வந்துவிட்டது.
அடுத்த கூடை என்றான் சம்சூரி.
தூக்கி வைத்தேன்.
இருபத்து நான்கு.